கீழாநெல்லி குடிப்பவரின் ஈரலைக் காக்குமா? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் இது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, மீனாட்சிபுரம் என்று சித்தூர் தாலூகாவில் எங்கு திரும்பினாலும் தமிழ் பேசும் வீடுகள். கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் வண்டி கிளம்புவது இங்குள்ள தென்னந்தோப்புகளிலிருந்துதான். அதே தோப்புகளில், ஒரு மழை பெய்துவிட்டால் போதும், பாத்தி ஓரமெல்லாம் கீழாநெல்லி முளைத்துவிடும். கள்ளும் கீழாநெல்லியும் ஒரே தோப்பில் கிடைப்பதால், ஒன்று கெடுத்ததை இன்னொன்று சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே ஆழமாக வேரோடியிருக்கிறது. நான் மருந்தியல் கற்பிக்கிறேன். மூலிகையை எப்படிச் சோதிப்பது என்பதும் என் பாடத்தில் வரும். அக்கம்பக்கத்தாரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

"காலைல கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சுட்டா, சாயங்காலம் தண்ணி போட்டாலும் ஈரல் கெடாதாமே?"

கெடும். தினமும் குடித்துக்கொண்டிருப்பவரின் ஈரலை எந்தப் பச்சிலையும் காத்ததாக மனிதர்களிடம் நிரூபிக்கப்படவில்லை. எலிகளில் நல்ல அறிகுறிகள் தெரிந்திருக்கின்றன. அதற்கும் நம் வீட்டு ஆளின் ஈரலுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அந்தத் தூரத்தைப் பற்றியதுதான்.

"சாராயம் ஈரலை எப்படிக் கெடுக்குது? கள்ளுன்னா பரவாயில்லைன்னு சொல்றாங்களே?"

குடித்த ஆல்கஹாலை உடைப்பது பெரும்பாலும் ஈரல்தான். முதலில் அது அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறுகிறது. பிறகுதான் தீங்கில்லாத அசிட்டேட் ஆகிறது. தினமும் அதிகமாகக் குடிப்பவரின் ஈரல், வேலையைச் சமாளிக்க இன்னொரு பாதையையும் திறந்துகொள்கிறது. அந்தப் பாதை ஓடும்போது செல்லை அரிக்கும் ஆக்சிஜன் கூறுகள் உண்டாகும். அவற்றைத் தணிக்க வேண்டிய குளுட்டத்தயோன் தீர்ந்துகொண்டே போகும். இன்னொரு பக்கம், ஆல்கஹால் குடலின் சுவரைத் தளர்த்திவிடுவதால் குடல் கிருமிகளின் நச்சுப்பொருள் ரத்தத்தோடு கசிந்து ஈரலுக்கு வருகிறது, அழற்சி மூள்கிறது. முதலில் கொழுப்பு படியும், பிறகு வீக்கம், பல வருஷம் போனால் தழும்பு. தழும்பு முற்றிய நிலையைத்தான் ஈரல் சுருங்கிவிட்டது என்கிறோம். வயிற்றில் நீர் கோப்பதும் ரத்த வாந்தியும் அப்போது வருபவை.

கள்ளா பிராந்தியா என்று ஈரல் பார்ப்பதில்லை, உள்ளே போகும் ஆல்கஹால் எத்தனை கிராம் என்றுதான் பார்க்கிறது. டாஸ்மாக்கிலும் கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோவிலும் விற்கும் பிராந்தியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம். கள்ளில் 5 விழுக்காடு என்று வைத்தால் 650 மில்லி பாட்டிலில் சுமார் 26 கிராம். இரண்டரை பாட்டில் கள் குடித்தவர் ஒரு குவார்ட்டருக்கு மேல் குடித்துவிட்டார். காலையில் இறக்கிய கள் சாயங்காலத்துக்குள் இன்னும் புளித்து ஏறியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அப்போ கீழாநெல்லிக்கு இவ்வளவு பேரு எப்படி வந்துச்சு?"

காமாலைக்கு அரைத்து மோரில் கலந்து கொடுக்கும் வழக்கம் தமிழிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் உண்டு. வாந்தி, மஞ்சள் கண், பசியின்மை என்று வரும் காமாலையில் பெரும்பங்கு தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ. அது பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தீர்ந்துவிடும். அந்தச் சில வாரங்களில் எந்த மருந்து கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும்.

அறிவியல் உலகம் திரும்பிப் பார்த்தது 1988இல். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்தக் கிருமியின் மேலுறைப் புரதம் மறைந்தது. மருந்தில்லாத பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. இது 'லான்செட்' என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பெற்ற பாருக் பிளம்பர்க்கும் இந்தச் செடியில் அக்கறை காட்டினார். பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. 2011இல் எல்லாச் சோதனைகளையும் கூட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பும் நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்றது.

இதை நான் சொல்வது சென்னை ஆய்வைக் குறை சொல்ல அல்ல. நம் ஊர்ச் செடியை, மருந்தில்லாத பொடியோடு ஒப்பிட்டு, முறையாகச் சோதித்த முன்னோடி முயற்சி அது. மற்றவர்கள் மறுபடி செய்து பார்க்க முடிந்ததற்குக் காரணமும் அந்த முறைதான். கவனிக்க வேண்டியது வேறு: அந்தச் சோதனை கிருமிக்கானது. குடியால் கெட்ட ஈரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'லான்செட்ல வந்துருக்கு' என்று புட்டியில் ஒட்டி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

"எந்தக் கீழாநெல்லியா இருந்தா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?"

ஒன்றில்லை. நம் தோப்பில் பரவலாக முளைப்பது பிலாந்தஸ் அமரஸ். பழைய கட்டுரைகளில் நிரூரி என்று எழுதியிருப்பார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. கூடவே முளைக்கும் யூரினேரியா என்ற இன்னொரு இனம் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும், தண்டு சிவந்திருக்கும். காம்பைத் திருப்பிக் காயைப் பாருங்கள்: அமரஸின் காய் வழவழப்பாக, சிறு காம்பில் தொங்கும்; யூரினேரியாவின் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல ஒட்டியிருக்கும். இது தவிர மேலாநெல்லியும் கலக்கும். தென்னிந்திய நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லியை மரபணு வழியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. சுமார் கால் பங்குக் கடைகளில் வேறு இனங்கள் இருந்தன. ஈரலுக்கு நல்லது என்று கருதப்படும் பிலாந்தின் என்ற பொருள் இனத்துக்கு இனம் பெரிதும் மாறுவதால், செடி மாறினால் சோதனையே மாறிவிடும்.

அதனால்தான் ஒழுங்கான சோதனையின் முதல் வேலை, பூவும் காயும் வேரும் உள்ள செடியைத் தாளுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, தாவரவியலாளரிடம் கொடுத்துப் பெயர் உறுதிசெய்வது. நமக்குப் பக்கத்திலேயே, கோயம்புத்தூரில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அந்தத் தாளுக்கு எண் இட்டுப் பாதுகாப்பார்கள். அந்த எண் இல்லாத மூலிகை ஆய்வுக் கட்டுரையை நான் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுப்பதில்லை.

"எலியில எப்படிச் சோதிக்கிறாங்க?"

விலங்கு நெறிக்குழுவின் அனுமதி வாங்கிய பிறகுதான் தொடங்க முடியும். முதலில் செடிச்சாறு நஞ்சா என்று பார்க்கிறார்கள். பிறகு எலிகளைப் பிரிக்கிறார்கள்: ஒன்றும் தராத பிரிவு, ஆல்கஹால் மட்டும், ஆல்கஹாலோடு சாறு குறைந்த அளவில், ஆல்கஹாலோடு சாறு கூடுதல் அளவில், ஆல்கஹாலோடு சிலிமரின் (ஈரலுக்கு என்று டாக்டர்கள் எழுதும் மாத்திரை), சாறு மட்டும். முனை உருண்டிருக்கும் வளைந்த ஊசி வழியாக நேராக வயிற்றுக்குள் கொடுப்பார்கள். சில வாரம் கழித்து ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிலிருபின் அளவுகளையும், ஈரலில் குளுட்டத்தயோன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி நுண்ணோக்கி. குடித்த எலியின் ஈரல் வெளிறி மஞ்சளாக இருக்கும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றினால் செல்களுக்குள் வெள்ளை வெள்ளையாக ஓட்டைகள் தெரியும். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் செல் கிழிந்துவிட்டது என்பார்கள். உண்மையில் அங்கே இருந்தது கொழுப்புத்துளி. பதப்படுத்தும்போது ஊற்றும் கரைப்பான் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது, இடம் மட்டும் காலியாக நிற்கிறது. கொழுப்பையே பார்க்க வேண்டுமானால் ஈரலை உறையவைத்துச் சீவி, எண்ணெயில் ஒட்டும் சிவப்புச் சாயம் போட வேண்டும். சாறு கொடுத்த பிரிவில் இந்த ஓட்டைகள் குறைந்திருக்கிறதா என்று எண்ண வேண்டும். எண்ணுபவருக்கு எந்தக் கண்ணாடிச் சில்லு எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தானாகவே இரக்கம் காட்டும்.

கீழாநெல்லியை இப்படிச் சோதித்தவர்கள் உண்டு. 2007இல் வந்த ஓர் ஆய்வில் ஆல்கஹால் கொடுத்த எலிகளில் சாறு பாதிப்பைக் குறைத்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இந்த வகை ஆய்வுகளில் எதைப் படித்தாலும் நான் சில விஷயங்களைத் தேடுவேன். ஆல்கஹால் கொடுத்த எலி தீனியைக் குறைத்துக்கொள்ளும். ஒப்பீட்டு எலிக்கும் அதே கலோரி அளந்து கொடுத்தார்களா? ரத்தத்தில் ஆல்கஹால் அளவைப் பார்த்தார்களா? கசப்புச் சாறு, ஆல்கஹால் வயிற்றிலிருந்து ஏறுவதையே தாமதப்படுத்தியிருந்தால், அல்லது ஆல்கஹால் கலந்த தண்ணீரை எலி குறைவாகக் குடித்திருந்தால், ஈரல் நன்றாக இருப்பதில் வியப்பில்லை. அதற்குப் பெயர் ஈரல் பாதுகாப்பு இல்லை. சாற்றை ஆல்கஹாலுக்கு முன்பே கொடுத்தார்களா, ஈரல் கெட்ட பிறகு கொடுத்தார்களா? முன்பே கொடுத்துத் தடுத்தது, கெட்ட ஈரலைத் தேற்றும் என்பதற்குச் சான்றாகாது. மருத்துவமனைக்கு வருபவரோ ஈரல் கெட்ட பிறகுதான் வருகிறார்.

கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்து ஈரலைக் கெடுத்து, செடி காத்தது என்று காட்டும் கட்டுரைகளும் ஏராளம். அந்த ரசாயனம் கெடுக்கும் வழி வேறு. அதைக் குடிக்குப் பொருத்தக் கூடாது.

"எலிக்கு வேலை செஞ்சா நமக்கும் செய்யாதா?"

எலி சாராயத்தை விரும்பாது. அதன் ஈரல் ஆல்கஹாலை வேகமாக உடைத்துத் தள்ளிவிடும். மாதக்கணக்கில் கொடுத்தாலும் கொழுப்பு படியுமே தவிர, நம்மைப்போல ஈரல் சுருங்காது. 1970களில் சார்லஸ் லீபர் என்ற ஈரல் ஆய்வாளர், நல்ல சத்துணவு கொடுத்தும் ஆல்கஹால் ஈரலைக் கெடுக்கும் என்று காட்டுவதற்குப் பபூன் குரங்குகளை வைத்துப் பல வருஷம் உழைக்க வேண்டியிருந்தது.

அளவும் பெரிய சிக்கல். ஆய்வுகளில் எலியின் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாற்றுச் சத்து கொடுப்பது வழக்கம். அதை மனிதருக்கு மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 1.9 கிராம் வரும். காய்ந்த செடியில் பத்தில் ஒரு பங்கு சத்து இறங்கும் என்று கொண்டால் 19 கிராம் காய்ந்த செடி. பச்சைச் செடியில் முக்கால்வாசி தண்ணீர், அப்படியானால் தினம் 75 கிராம் போலப் பச்சைச் செடி. அதுவும் குறைந்த அளவுக்கான கணக்கு. 400 மில்லிகிராம் என்றால் இரட்டிப்பு. வைத்தியர் கொடுப்பதோ நெல்லிக்காய் அளவு விழுது. அவர் மோரில் கலக்குகிறார், ஆய்வகம் மெத்தனாலில் கொதிக்கவைத்து இறக்குகிறது. ஆய்வகத்தில் வென்றது நாம் உண்ணும் மருந்துதானா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

"சரி, மனுஷங்களை வெச்சே சோதிச்சா தெரிஞ்சுடுமே?"

தெரியும், ஒன்றைக் கவனித்தால். கீழாநெல்லி தரும் வைத்தியர் கூடவே பத்தியம் சொல்கிறார்: சாராயம் தொடாதே, எண்ணெய் வேண்டாம், மோர்ச்சோறு சாப்பிடு, ஓய்வெடு. ஒரு மாதம் கழித்து எஸ்.ஜி.ஓ.டி. இறங்கியிருக்கிறது. இறக்கியது இலையா, பத்தியமா?

குடியை நிறுத்தினால் கொழுப்பு படிந்த ஈரல் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். குடியால் ரத்தத்தில் ஏறும் ஜி.ஜி.டி. என்ற நொதி இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். மருந்தே இல்லாமல் நடப்பது இது. 'முன்னாடி இவ்வளவு, பின்னாடி இவ்வளவு' என்று இரண்டு ரத்தச் சீட்டைக் காட்டி மூலிகை விற்பவர்கள் எல்லாரும், பத்தியத்தின் பலனை இலையின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். விற்பவர் மட்டுமல்ல, நல்லெண்ணத்தோடு கொடுக்கும் வைத்தியரும் இதை உண்மையென்றே நம்புகிறார், ஏனென்றால் அவர் கண்ணெதிரே ஆள் தேறுகிறார். எனக்கு மிகவும் வருத்தம் தருவது, அதே ஆள் தேறிய பிறகு 'கீழாநெல்லி இருக்கே' என்று மறுபடி கடைக்குப் போவதுதான். காத்ததைக் கைவிட்டுவிட்டு, காத்ததாக நினைத்ததைக் கையில் பிடித்துக்கொள்கிறார்.

ஆகவே, சோதனையில் இரு பிரிவினருக்கும் அதே பத்தியம், அதே சாப்பாடு, அதே ஆலோசனை தர வேண்டும். ஒரு பிரிவுக்குச் செடி, இன்னொன்றுக்கு அதே நிறம், அதே கசப்பில் மருந்தில்லாத மாத்திரை. யார் எதை உண்கிறார் என்று கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. இடையில் யார் ரகசியமாகக் குடித்தார் என்று ரத்தத்திலும் சிறுநீரிலும் பார்க்க வேண்டும், வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. எஸ்.ஜி.ஓ.டி. இறங்கினால் போதாது, முற்றிச் சுருங்கிய ஈரலிலும் அது சாதாரணமாக இருக்கலாம். ஈரல் செய்யும் புரதமான அல்புமின், ரத்தம் உறையும் நேரம், ஆள் உயிரோடு இருக்கிறாரா, மறுபடி மருத்துவமனைக்கு வந்தாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். குடியால் வந்த கடுமையான ஈரல் அழற்சிக்குப் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து உதவுமா என்று பிரிட்டனில் 1,103 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2015இல் முடிவு வந்தது. 28 நாளில் இறந்தவர்கள் மருந்தில்லாமல் 17 விழுக்காடு, மருந்தோடு 14 விழுக்காடு. அத்தனை பேரை வைத்தும் அந்த வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருபது பேருக்குப் பொடி கொடுத்து 'நிரூபணம்' என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் மனிதர்களிடம் செய்யும் மருந்துச் சோதனையை ஆள் சேர்க்கும் முன்பே பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். உங்களை யாராவது சோதனைக்குக் கூப்பிட்டால் அந்தப் பதிவு எண்ணையும் உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவத்தையும் கேளுங்கள். நம் பக்கம் மலையாளப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது எளிது. தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"சிலிமரின் மாத்திரை டாக்டரே எழுதுறாரே?"

அதுவும் செடிதான், ஐரோப்பிய முட்செடி ஒன்றின் விதை. 1989இல் ஒரு சோதனை அது உயிர்காத்ததாகச் சொன்னது. 1998இல் ஸ்பெயினில் 200 பேரிடம் செய்தது பலனில்லை என்றது. எலிச் சோதனையில் அதை அளவுகோலாக வைப்பது பழக்கத்தால்.

"பச்சிலைதானே, நல்லது செய்யலேன்னாலும் கெடுதல் பண்ணாதுல்ல?"

சீந்திலைக் கேளுங்கள். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் குடித்தார்கள். ஈரலுக்கு நல்லது என்று பெயரெடுத்த கொடி அது. 2021இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் உண்டபின் ஈரல் அழற்சியோடு வந்த ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த வருஷம் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 பேரைப் பற்றிய தொகுப்பு வந்தது. உடலின் எதிர்ப்பு சக்தியே ஈரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு அவர்களில் பலருக்கு. எல்லாருக்கும் அப்படி வரும் என்றில்லை. ஆனால் ஏற்கெனவே குடியால் நலிந்த ஈரலுக்கு இன்னொரு சோதனை வேண்டாமே.

மருந்தடிக்கும் மாந்தோப்பு ஓரத்தில் பறித்த கீழாநெல்லியில் பூச்சிமருந்து இருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் தாமதம். கண் மஞ்சள், வயிறு வீக்கம், கறுப்பாக மலம், ரத்த வாந்தி, தூக்கக் கலக்கத்தில் உளறல் இருந்தால் அரைக்கிற கல்லைத் தேடாதீர்கள், வண்டியைத் தேடுங்கள்.

"மாமா இருபது வருஷமா தினம் குடிக்கிறாரு. நாளைக்கே நிறுத்தச் சொல்லி கீழாநெல்லி ஆரம்பிச்சுடலாமா?"

நிறுத்த வேண்டும். ஆனால் வீட்டில் தனியாக, ஒரே நாளில் வேண்டாம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, ஆள் அடையாளம் புரியாமல், உயிருக்கே ஆபத்தாகலாம். 'பேய் பிடிச்சுருக்கு' என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிற நிலை இதுதான். மருத்துவமனையில் நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையும், வைட்டமின் பி1 ஊசியும் போட்டு, படிப்படியாக இறக்குவார்கள். கேரள அரசின் விமுக்தி திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே போதை மீட்பு மையங்கள் உண்டு. தேசிய உதவி எண் 14446.

மாமாவிடம் குற்றம் சொல்லிப் பேசாதீர்கள். ஈரல் தேறும், நிறுத்தினால் சில வாரத்திலேயே தேறத் தொடங்கும் என்பதைச் சொல்லுங்கள். அது உண்மை, அவருக்கும் தெம்பு தரும். டாக்டரிடம் கீழாநெல்லி, சீந்தில், கஷாயம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

"எங்க தாத்தா வைத்தியரு. ஈரலுக்குன்னு ஒரு செடி வெச்சுருக்காரு, பேரு வெளிய சொல்றதில்லை. சோதனைக்குக் குடுக்கலாமா? குடுத்தா எங்களுக்கு என்ன மிஞ்சும்?"

கொடுக்கலாம், ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் பெயரைச் சொல்லாதீர்கள். அகத்தியமலையில் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினரோடு நடந்தது நல்ல முன்மாதிரி. 1987இல் ஆய்வுக்குழுவோடு மலையேறிய காணி இளைஞர்கள் களைப்பில்லாமல் நடக்க ஒரு காயைத் தின்றார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. கேரளத்தில் பாலோடு என்ற ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளையும் பதிவானது. பிறகு அதிலும் சிக்கல்கள் வந்தன என்றாலும், அறிவைக் கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்பதை நாட்டிலேயே முதலில் நடத்திக் காட்டியவர்கள் அவர்கள். 2002இல் வந்த பல்லுயிர்ச் சட்டமும் பலனைப் பகிர்வதைச் சொல்கிறது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். முதலில் அவர்களிடம் பேசுங்கள்.

தாத்தா சொல்லச் சொல்ல இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த மாதம் பறிப்பது, வேரா இலையா சமூலமா (முழுச் செடியா), எதில் அரைப்பது, ஒரு வேளைக்கு எவ்வளவு எடை, எத்தனை நாள், என்ன பத்தியம், யாருக்குக் கொடுக்கக் கூடாது. எடையைத் தராசில் நிறுத்து எழுதுங்கள், 'ஒரு பிடி' என்று எழுத வேண்டாம். பத்தியத்தில் எதையும் விட்டுவிடாதீர்கள்; சோதனையில் மற்ற பிரிவினருக்கும் அதே பத்தியத்தைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.